கைமாத்து ஷிப்ட்

வலது முட்டிக்குள் சரளைக்கல் கிடந்து உரசுவதுபோல வலித்தது. தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, பேண்ட்டுக்கு மேலேயே முட்டியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார் துளசிங்கம். ரிட்டயராகி இரண்டு வருஷம் ஆகியும் அந்தக் கால் வேலையை விடவில்லை. மறைமலை நகரில் கார் கதவுக்குக் கீல் அடித்துத் தருகிற ஒரு கம்பெனி. அதன் பிரஸ் ஷாப்பில் முப்பத்தொரு வருஷம். தகட்டை வைப்பது கை, பெடலை மிதிப்பது வலது கால். ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம் மிதி. இப்போதும் தூக்கத்தில் அந்தக் கால் மட்டும் தனியாக உதைக்கும். "கம்பெனிய இழுத்து மூடிட்டுத் தூங்குய்யா" என்று பச்சையம்மா புரண்டு படுப்பாள்.

பக்கத்தில் தசரதன். அதே மெஷினில் எதிர்ப்பக்கம் நின்றவர். துளசிங்கம் அடித்துத் தள்ளுகிற கீலை எடுத்து, துளை பார்த்து, பெட்டியில் போடுகிற வேலை. ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் இடம் மாற்றிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வயசு, அறுபது. ஆனால் இன்றைக்குப் பார்க்கிறவன் தசரதனை எழுபத்தைந்து என்பான். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. இடது கையில் ஊசி குத்துவதற்கென்று நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம் எலுமிச்சம்பழம் அளவு புடைத்திருந்தது. அதன்மேல் புதுப் பஞ்சு ஒட்டியிருந்தது. காலையில் மேடவாக்கத்தில் நாலு மணி நேரம் மெஷினில் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, சாயந்தரமே கிளம்பி வந்திருக்கிறார். திங்கள், புதன், வெள்ளி. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் மட்டும்தான் இரண்டு முழு நாள் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் குற்றாலம் போய்விட்டு வந்துவிட வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து அந்த இடைவெளியும் கிடையாது. நெஞ்சில் நீர் கோக்கிறது, இனி ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி மெஷினை விட்டு ஒரு நாளுக்கு மேல் விலக முடியாது.

பழைய பிரஸ் ஷாப் ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து போட்ட டூர். ஜெரோம்தான் ஏற்பாடு. அவனும் மற்ற மூன்று பேரும் எழும்பூரிலேயே ஏறிக்கொள்வதாகப் பேச்சு. தசரதன் வருகிறேன் என்றபோது டாக்டர் என்ன சொன்னார் என்றுதான் போனில் எல்லோரும் கேட்டார்கள். தசரதன் சிரித்தார்: "தண்ணி குடிக்கத்தான்டா கூடாதுன்னாரு டாக்டரு. தண்ணிக்குக் கீழ நிக்கக் கூடாதுன்னு சொல்லல. கேட்டுக்கினுதான் வந்தேன்."

ரேணுகாம்பாள், தசரதனின் மனைவி, துளசிங்கத்தின் வீட்டுக்கே வந்துவிட்டாள். "அண்ணா, நீங்க கூடப் போறதா இருந்தா அனுப்பறேன். இல்லாட்டி வோணாம். ரெண்டு வருஷமா அந்த மனுசன் ஒண்ணும் கேக்கல. இத ஒண்ணுதான் கேக்கறாரு" என்றாள். அவள் போன பிறகு பச்சையம்மா சொன்னது வேறு. "உனுக்கே கக்கூஸ்ல குந்த முடியல. வழியில அந்தாளுக்கு ஏதாவது ஆச்சின்னா நீ தூக்குவியா?" அவள் கேட்டதில் தப்பு இல்லை. துளசிங்கம் பையில் துண்டை மடித்து வைத்தார்.

வண்டி ராத்திரி எட்டு ஐம்பதுக்கு. அவர்கள் ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள். ஷிப்டுக்குப் போகிறவன் பழக்கம். லேட்டாக வந்து அரை நாள் சம்பளம் போனவனுக்குத்தான் அந்த பயம் தெரியும். தென்காசி வண்டி வருவது அந்தக் கோடியில், எட்டாம் பிளாட்பாரத்தில். அது தெரியும். ஆனால் கால் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது செங்கல்பட்டு லோக்கல் நிற்கிற பிளாட்பாரத்தில், மூன்றாவது தூணுக்குப் பக்கத்து பெஞ்சில். முப்பது வருஷம் காலை ஐந்தே முக்கால் வண்டிக்கு உட்கார்ந்த பெஞ்சு. நேரம் கிடக்கிறது, கொஞ்சம் இங்கேயே இருந்துவிட்டு மெதுவாகப் பாலம் ஏறிப் போகலாம் என்று தசரதன்தான் முதலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பழைய மாதிரியேதான். பிரஸ் சத்தத்தில் துளசிங்கத்துக்கு இடது காது போயிற்று, எதிர்ப்பக்கம் நின்ற தசரதனுக்கு வலது காது. அதனால் எங்கே உட்கார்ந்தாலும் கேட்கிற காது இரண்டும் உள்பக்கம் இருக்கும்படிதான் உட்காருவார்கள். ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்கு நன்றாகக் கேட்கும். வெளியே என்ன கத்தினாலும் பாதிதான் கேட்கும்.

"இன்னாடா யோசனை?" என்றார் தசரதன்.

"ஒண்ணுமில்ல. முட்டி."

"மாத்திர போட்டியா?"

"போட்டேன்."

"போடாதடா. என்னைப் பாத்துமா போட்டுக்கினு கீற?"

அந்த மாத்திரை கம்பெனி கேட்டுக்கு எதிரில் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். ஷிப்டுக்கு ஒன்று. தொடர்ந்து இரண்டு ஷிப்ட் நின்றால் மூன்று. தசரதனுக்குக் கிட்னி போன பிறகு டாக்டர், "எத்தனை வருஷமா வலி மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டபோது துளசிங்கமும் கூட இருந்தார். "கணக்கு வெக்கல சார்" என்று சொன்னார் தசரதன். சுகர் இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, எல்லாம் சேர்ந்துதான் என்றார் டாக்டர். எல்லாம் சேர்ந்துதான். ஆனால் துளசிங்கத்துக்கு ஒரு கணக்கு தெரியும். பதினொன்று.

பிரஸ் ஷாப்பில் கைமாத்து ஷிப்ட் என்று ஒன்று உண்டு. ஒருவனுக்கு அவசரம் என்றால் அவன் ஷிப்டைக் கூட்டாளி நின்று முடிப்பான். சூப்பர்வைசர் கண்டுகொள்ள மாட்டார், வேலைக்கு வராதவனுக்கே சம்பளம் வந்துவிடும். நின்றவனுக்கு இவன் பின்னால் ஒருநாள் அதே மாதிரி நின்று கழிக்க வேண்டும். காசாகக் கொடுத்தால் கேவலம். எழுதி வைப்பதும் கிடையாது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் பச்சையம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்து, தையல் பழுத்து, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பதினொரு நாளும் தன் ஷிப்டை முடித்துவிட்டு துளசிங்கத்தின் கணக்கில் அடுத்த ஷிப்டிலும் நின்றார் தசரதன். நாளைக்குப் பதினாறு மணி நேரம்.

கழிக்கலாம், கழிக்கலாம் என்றே போயிற்று. மூன்று வருஷம் கழித்து யூனியன் குற்றாலத்துக்கு பஸ் போட்டது. "மச்சான், ஒரு ஷிப்ட் நின்னுக் குடுடா, போய்ட்டு வந்துடறேன்" என்று தசரதன் கேட்டார். ஒரே ஒரு ஷிப்ட். முட்டி வலிக்கிறது என்றார் துளசிங்கம். முட்டி வலித்தது, பொய் இல்லை. ஆனால் நின்றிருக்கலாம். அன்றைக்கு அவருக்கு வார லீவு, வீட்டில் டி.வி. பார்த்தார். தசரதன் பஸ்ஸில் போகவில்லை, மெஷினில் நின்றார்.

ரிட்டயராகிற அன்றைக்கு ஷாப்பில் ஒரு வழக்கம். கடைசி ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் மெஷினைச் சுற்றி நிற்பார்கள். இருப்பதிலேயே சீனியர், "கைமாத்து ஏதாவது நிக்குதா?" என்று கேட்பார். இல்லை என்று சொன்னால்தான் மாலை. நிற்கிறது என்றால் அதைக் கழித்துவிட்டு, அதற்கப்புறம்தான் வீட்டுக்கு. ஒருவன் ஆறு நாள் சம்பளம் இல்லாமல் வந்து கழித்துவிட்டுப் போனதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மாலை போடுவது மெஷின் கூட்டாளி. துளசிங்கத்தின் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றது தசரதன். "நிக்குதா?" என்று கேட்டார் சீனியர் ரத்தினம். துளசிங்கம் தசரதனைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டு "இல்ல" என்றார். தசரதன் மாலையைப் போட்டார். பிஸ்கட்டும் மிக்சரும் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்போதே தசரதனுக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது.

இந்த டூருக்குத் துளசிங்கம் ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு, அருவிக்குக் கீழே அவன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

ஏழு மணிக்கு ஒருதரம் வாயைத் திறந்தார். "தசரதா..." தசரதன் அரை லிட்டர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். ரேணுகாம்பாள் மார்க்கரால் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். காலை, மதியம், ராத்திரி. ராத்திரிக் கோடு மட்டும் மிச்சம். "இதான்டா என் ரேஷன்" என்று மூடினார். "இன்னா சொல்ல வந்த?"

"சீசன் நல்லா கீதாம். ஜெரோமு சொன்னான்."

"பேப்பர்லயும் போட்டுக்கிறான்."

அப்புறம் தசரதன் தூங்கிவிட்டார். மெஷினில் படுத்து எழுந்தால் அப்படித்தான், இலை உருவின கறிவேப்பிலைக் காம்பு மாதிரி ஆகிவிடும். தலை துளசிங்கத்தின் தோளில் சாய்ந்தது. எட்டு மணிக்கு எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை. இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம், இரக்கம் இல்லை. எழுந்தால் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் வாக்கியம் கோணலாகவே விழுந்தது. லோக்கல் வண்டிகள் வந்தன, போயின. நாவலூரில் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்த பிள்ளைகள் கழுத்தில் கயிற்றுக் கார்டோடு ஓடினார்கள். ஒலிபெருக்கி இடது காதுப் பக்கம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தபோதுதான் மணி பார்த்தார்.

"எங்கடா கீறீங்க? நாலு தபா அடிச்சிட்டேன்!" ஜெரோம் கத்தினான். "வண்டி பல்லாவரம் தாண்டிச்சி. எஸ் செவன் கோச்சு. பிளாட்பாரத்துலதான கீறீங்க?"

"ஆங், கீறோம்" என்றார் துளசிங்கம். பிளாட்பாரத்தில்தான் இருந்தார்கள்.

லிப்ட் பிளாட்பாரத்தின் மறுகோடியில் இருந்தது. அதன் வாசலில் மூட்டையும் தள்ளுவண்டியுமாக ஒரு கூட்டம். அங்கே போய்ச் சேருகிற நேரத்தில் படி ஏறிவிடலாம் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். இரண்டு பையையும் துளசிங்கம் ஒரு தோளில் மாட்டினார். தசரதனின் இடது கையைப் பிடிக்கக் கூடாது. வலது கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். முதல் பத்துப் படி ஏறிவிட்டார்கள். பதினைந்தாவதில் தசரதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாய் வழியாகப் போய் வந்தது. இறங்குகிற கூட்டம் இடித்துக்கொண்டு போனது. "பெரியவரே, ஓரமா" என்றான் ஒருத்தன்.

"ஏறுடா. வண்டி ரெண்டு நிமிஷம் நிக்கும்" என்றார் துளசிங்கம்.

"இரு."

"நான் தூக்கறேன், வா."

தூக்கத்தான் பார்த்தார். வலது காலை ஊன்றி, குனிந்து, அந்த மனுஷனை இடுப்போடு சேர்த்துப் பிடித்தார். ஐம்பது கிலோகூட இருக்க மாட்டார். முட்டி மடக்கென்று ஒரு பக்கம் போனது. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு படியாக, கம்பியைப் பிடித்து, உட்கார்ந்து, எழுந்து, பாலத்தின் மேலே வந்தபோது வண்டி கீழே நின்றிருந்தது. எட்டாம் பிளாட்பாரத்துப் படி இன்னும் ஐம்பது அடி தூரம். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டியின் கூரை நகர ஆரம்பித்தது. மேலிருந்து பார்க்க ஜன்னல் தெரியாது, ஆள் தெரியாது. அழுக்குக் கூரைதான். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று காலுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது. பாலம் லேசாக அதிர்ந்தது. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கும் போனது.

ஜெரோம் மறுபடி அடித்தான். "ஆட்டோ புடிச்சி செங்கல்பட்டு வந்துருங்கடா. அங்க நிக்கும்."

தசரதன் போனை வாங்கினார். "ஜி.எஸ்.டி. ரோட்ல வெள்ளிக்கெழம ராத்திரி ஏரோபிளேன்ல வந்தாத்தான்டா புடிக்கலாம். நீங்க போங்க. எனுக்கும் சேத்துக் குளிங்க" என்றார். போனை அணைத்துத் திருப்பிக் கொடுத்தார். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தார். துளசிங்கமும் உட்கார்ந்தார், கேட்கிற காது உள்பக்கம் இருக்கும்படி.

"பதினோரு ஷிப்ட் நிக்குதுடா" என்றார் துளசிங்கம். "ரத்தினம் கேட்டப்ப இல்லன்னு சொல்ட்டேன். நீ மாலைய வெச்சிக்கினு நின்னுகினு இருந்த."

தசரதன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு இல்ல" என்றார். "பன்னெண்டு."

"பதினோரு நாள்தான ஆஸ்பத்திரி?"

"பச்சையம்மா வூட்டுக்கு வந்த மறுநாள் நீ ஷிப்டுக்கு வந்த. வந்து, அட்டப்பெட்டி மேல படுத்துத் தூங்கிட்ட. எழுப்பல. உன் கவுண்ட்டையும் நாந்தான் அடிச்சேன். பன்னெண்டு."

துளசிங்கத்துக்கு அப்படி ஒரு நாள் ஞாபகமே இல்லை. தூங்கியிருப்பார். தூங்கியிருக்கத்தான் வேண்டும்.

"ஏன்டா அன்னிக்கே சொல்லல? மாலையக் கீழ போட்டுட்டுச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ சொல்லுவன்னு நின்னேன்" என்றார் தசரதன்.

கீழே ஒரு லோக்கல் வந்து நின்றது. தசரதன் பாட்டிலை எடுத்தார். ராத்திரிக் கோட்டுக்குக் கீழே இருந்த தண்ணீரை ஆட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து, குடிக்காமல், தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்தார். தண்ணீர் முடி கொட்டிய மண்டையில் விழுந்து, நெற்றியில் வழிந்து, கண்ணை மூடிய முகத்தில் இறங்கி, சட்டைக்குள் போனது. பத்து நொடிகூட இல்லை. "யோவ், இன்னா பண்ற? ஜனங்க வழுக்கி வுழவா?" என்று தண்ணீர் விழுந்த இடத்தைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு வந்தாள் பெருக்குகிற அம்மா. முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் பெருக்கப் போனாள்.

ரேணுகாம்பாளுக்குப் போன் பண்ண வேண்டும். இப்போது பண்ணினால் அழுவாள். வீட்டு வாசலில் போய் நின்றால் குறைவாக அழுவாள் என்று துளசிங்கம் நினைத்தார். ஏறி வந்த படியிலேயே இறங்க வேண்டும். அவர் முதலில் ஒரு படி இறங்கி, வலது காலை ஊன்றிப் பார்த்துவிட்டு, தோளைக் காட்டி நின்றார். தசரதன் அதன்மேல் கை வைத்தார். அவர் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் துளசிங்கத்தின் சட்டைக் காலருக்குள் இறங்கியது. கீழே இன்னும் நாற்பது படி இருந்தது. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு மேடவாக்கத்தில் மெஷின். பன்னிரண்டு ஷிப்ட் பாக்கி.