முகப்பில் 2300

மூன்றாவது நாளும் உஷாராணி அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தாள். பதில் மாறவில்லை. சர்வரின் மாடல் எண்ணைத் தட்டினால் 'ஓடும்' என்றது. அதற்குள் இருக்கும் பிராசசரின் பெயரைத் தட்டினால் 'ஓடாது' என்றது. இரண்டு பதில்களும் ஒரே பெட்டிக்கு.

ஒன்பது வருடங்களாக அவள் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவு கவுண்டரில் வேலை செய்கிறாள். அங்கேயே சர்வர் அறையில் ஒரு இடம் காலியாகப் போகிறது, உள்ளே இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். ஒரு பெரிய இயந்திரத்துக்குள் பல கணினிகளைத் தனித்தனியாக ஓட விடுவதுதான் அங்கே முக்கிய வேலை. இரண்டு மாதத்தில் செய்முறைத் தேர்வு. வீட்டு லேப்டாப்பில் பழகிப் பார்த்தாள். இரண்டாவது கணினியை உருவாக்கியதுமே அது சூடாகி நின்றுவிட்டது. பழைய சர்வர் ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்துப் பழகுவது என்று முடிவு செய்தாள்.

வில்லியனூரில் பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி விற்கும் விஜயராஜ் ஒரு சர்வர் இருப்பதாகச் சொல்லிப் படங்கள் அனுப்பினான். ஒரு படத்தில் சர்வரின் முகப்பு, அதில் 2300 என்ற மாடல் எண். இன்னொரு படத்தில் திரையும் அதில் பிராசசரின் பெயரும்.

"வாங்கறதுக்கு முன்னாடி லிஸ்ட்ல பாத்துடுங்கக்கா," என்று சர்வர் அறையில் வேலை செய்யும் ப்ரீத்தி முன்பே சொல்லியிருந்தாள். ஒரே இயந்திரத்தில் பல கணினிகளை ஓட்டும் அந்த மென்பொருள் எந்தெந்த இயந்திரத்தில் ஓடும் என்று அதைச் செய்பவர்களே இணையத்தில் பட்டியல் போட்டிருந்தார்கள். அந்தப் பட்டியல்தான் இப்போது உஷாராணியைக் குழப்பிக்கொண்டிருந்தது.

ப்ரீத்தியிடமே கேட்டாள்.

"2300-ல அந்த பிராசசர் உக்காரவே உக்காராதேக்கா. அது அதுக்கு முந்தின மாடலோடது."

"போட்டோவுல இருக்கே ப்ரீத்தி."

"அதான் எனக்கும் புரியல. சரி, ரெய்டு கார்டு எது?"

"அது இன்னா?"

"டிஸ்க்கையெல்லாம் ஒண்ணா சேத்து வச்சிக்கிற கார்டு. அதுவும் லிஸ்ட்ல இருக்கணும். நெட்வொர்க் கார்டும் பாருங்க."

நோட்டில் இரண்டு வரி கூடியது. இணையத்தில் ஒரு குழுவில் கேள்வியை எழுதிப் போட்டாள். மூன்று வருடமாகத் தன்னிடம் நன்றாக ஓடுகிறது என்றார் ஒருவர். தொடவே தொடாதீர்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் அவளைத் திருப்பிக் கேட்ட கேள்வி என்னவென்றே அவளுக்கு விளங்கவில்லை.

விஜயராஜுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது. இதுக்கு மேல இன்னா வேணும்?" என்றான் அவன்.

கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த அவள் கணவன் தணிகைவேல், நோட்டை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான்.

"இன்னா உஷா, முடிஞ்சிதா?"

"ஓடுமா ஓடாதான்னே தெரியலைங்க. மேல ஒண்ணு எழுதியிருக்கு, உள்ள வேற இருக்கு."

அவன் ஈரக்காலைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். "பழைய டிராக்டர் வாங்கச்சொல்ல இன்னா பண்ணோம்? ஆர்.சி. புக்க மட்டும் பாத்துட்டா வந்தோம்? எஞ்சின்ல குத்தியிருக்கிற நம்பர, கிரீஸத் தொடச்சிப் பாத்தோம் இல்ல?"

"இதுல எங்க குத்தியிருப்பாங்க?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? நீதான் கேக்கணும்."

மறுபடியும் ப்ரீத்தியைக் கேட்டாள். இயந்திரத்தின் வரிசை எண் உள்ளே மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், இயக்கியதும் வரும் அமைப்புத் திரையில் தெரியும் என்றாள் ப்ரீத்தி. அதே எண் வெளியே முகப்பில், இழுத்தால் நீளும் ஒரு பிளாஸ்டிக் பட்டையிலும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கரிக்கலாம்பாக்கத்திலிருந்து இருவரும் பைக்கில் வில்லியனூர் போனார்கள். கடை முழுக்க மானிட்டர்களும் யு.பி.எஸ். பெட்டிகளும் கழுத்துயரத்துக்கு அடுக்கியிருந்தன. விஜயராஜ் சர்வரை மேசைமேல் வைத்துத் தயாராக இருந்தான். பொத்தானை அழுத்தியதும் நெல் தூற்றும் மெஷின் போல அது இரைந்தது. தணிகைவேல் ஒரு அடி பின்வாங்கினான்.

"வூட்ல வச்சா அக்கம்பக்கத்துல கேப்பாங்க போலிருக்கே."

"கொஞ்ச நேரத்துல அடங்கிடும்ண்ணே," என்றான் விஜயராஜ்.

அமைப்புத் திரை வந்தது. உஷாராணி வரிசை எண்ணை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, தணிகைவேல் பிளாஸ்டிக் பட்டையை இழுத்துப் பிடித்துச் சரிபார்த்தான்.

"மூணாவது எழுத்துலயே மாறுது உஷா."

"சரியாப் பாருங்க."

"ரெண்டு தரம் பாத்துட்டேன். இது வேற நம்பர்."

திரையின் மேல் ஓரத்தில் மாடல் எண்ணும் இருந்தது. 2200. முகப்பில் 2300. விஜயராஜ் குனிந்து திரையைப் பார்த்தான், முகப்பைப் பார்த்தான், மறுபடியும் திரையைப் பார்த்தான்.

"அப்ப இது இன்னாது?"

"இதோட வேற ஒண்ணும் வந்துதா?" என்று கேட்டாள் உஷாராணி.

வந்திருந்தது. மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து இரண்டு சர்வர்களை ஒன்றாகத்தான் எடுத்து வந்திருந்தான். வண்டியில் ஏற்றும்போது உடையாமலிருக்க முகப்புகளையும் பட்டைகளையும் கழற்றித் தனியாகக் கட்டியதாகவும், கடைக்கு வந்த பிறகு வேலையாள் மாட்டியதாகவும் சொன்னான். 2200 முகப்பு மாட்டிய இன்னொரு சர்வரைப் பழசுதானே என்று, உதிரிபாகத்துக்காகப் பின்னால் போட்டுவிட்டான்.

"அதுலேந்து ராம் எல்லாத்தையும் கழட்டி இதுல போடலாம்னு பாத்தேன்கா. ஒண்ணுகூட உள்ள போகல. செத்த ராமுன்னு ஓரமா வச்சிட்டேன்."

புதிய மாடலின் ராம், அதாவது நினைவக அட்டை, பழைய மாடலின் இடுக்கில் நுழையாது என்று உஷாராணி எங்கோ படித்திருந்தாள். ஆனால் எது புதிது, எது பழையது என்பதை இப்போது தலைகீழாக மாற்றி யோசிக்க வேண்டியிருந்தது. நோட்டைத் திறந்து இரண்டு கட்டம் போட்டு, முகப்பு, உள்ளே, ராம் என்று எழுதிப் பார்த்த பிறகுதான் தெளிந்தது.

"அந்த ராம் சாகல. பின்னால கெடக்கிறதுதான் புதுசு. அதத் திரும்ப அதுலயே போடுங்க."

பின்னாலிருந்து அதைத் தூக்கி வர மூவருமே வேண்டியிருந்தது. விஜயராஜ் தூசியை ஊதிவிட்டு ராம்களை ஒவ்வொன்றாகச் செருகினான். எல்லாம் கிளிக் கிளிக்கென்று உட்கார்ந்தன. திரை வந்தது. மாடல் 2300. வரிசை எண் முதல் சர்வரின் பட்டையிலிருந்த எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது.

உஷாராணி மேசையோரம் உட்கார்ந்து போனில் பட்டியலைத் திறந்தாள். மாடல், ஓடும். பிராசசர், ஓடும். நெட்வொர்க் கார்டு, ஓடும். ரெய்டு கார்டின் பெயரில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்றில் ஓடும், மற்றதில் ஓடாது. கார்டுக்குள் இருக்கும் மென்பொருளின் பதிப்பைப் பொறுத்தது என்று கீழே பொடி எழுத்தில் குறிப்பு.

"இன்னும் இன்னா?" என்றான் தணிகைவேல்.

"இது மட்டும் ரெண்டு விதமா சொல்லுது. கார்டுல புதுப் பதிப்ப ஏத்தினா சரியாயிடும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, தெரியுமா?"

"நினைக்கிறேன்."

தணிகைவேல் விஜயராஜிடம், "ஏறலன்னா திருப்பி எடுத்துக்குவியா தம்பி?" என்று கேட்டான். எடுத்துக்கொள்வதாக விஜயராஜ் தலையாட்டினான். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

முன்னறையில் நெல் மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்தார்கள். கார்டில் புதிய பதிப்பை ஏற்ற உஷாராணிக்கு மூன்று மாலைகள் ஆயின. இரண்டு முறை பாதியில் நின்றது. ஒருமுறை பம்ப்செட் போட்டதும் மின்னழுத்தம் இறங்கி, எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தாள். நான்காம் நாள் மென்பொருளை நிறுவத் தொடங்கியபோது மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது: இந்தப் பிராசசருக்கு அடுத்த பதிப்பில் ஆதரவு இருக்காது. இது வேண்டாம் என்கிறதா, வேண்டும் என்கிறதா என்று அவளுக்குப் புரியவில்லை. படம் எடுத்து ப்ரீத்திக்கு அனுப்பினாள்.

"நாங்களும் அதத்தான் பாத்துட்டு எண்டர் தட்டினோம்கா," என்று பதில் வந்தது.

எண்டர் தட்டினாள். அந்த வாரக் கடைசியில் ஒரே பெட்டிக்குள் மூன்று கணினிகள் தனித்தனியாக ஓடின. ஒன்றை நிறுத்தினாலும் மற்ற இரண்டும் நிற்கவில்லை. தணிகைவேலை உட்கார வைத்து அவனையே ஒன்றை நிறுத்தச் சொன்னாள். அவன் பயந்து பயந்து அழுத்தினான்.

தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தபோது விஜயராஜ் போன் செய்தான். வேறொரு இடத்திலிருந்து ஆறு சர்வர்கள் வந்திருக்கின்றனவாம்.

"மேல ஒட்டியிருக்கிறத நம்பி விக்க பயமா இருக்குக்கா. எதுக்குள்ள எது இருக்குன்னு எனக்கே தெரியல. ஒருவாட்டி வந்து பாக்க முடியுமா?"

எனக்கு மட்டும் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதுவரை எதிலிருந்தும் எதையும் கழற்ற வேண்டாம் என்று சொன்னாள்.