பறக்காத விமானம் விற்பனைக்கு

ஐம்பத்தாறாம் வருஷம் சூலூர்ப் பக்கம் ராணுவச் சாமான் ஏலம். தார்ப்பாய் மூடியிருந்த ஒன்றைப் பிரித்துப் பார்க்கத்தான் சொன்னார்கள். எனக்கெதற்குப் பிரிக்க? வெளியிலிருந்து தடவினேன், அடித்தட்டு வட்டமாக இருந்தது. பனியன் பின்னி விற்கிறவன் கையில் வட்டமான இரும்பு தட்டுப்பட்டால் அது நிட்டிங் மெஷின்தான். எடுத்துவிட்டேன். நல்லூரில் வீட்டு வாசலில் வைத்துப் பாயை உருவினால், குட்டை இறக்கையோடு ஒரு நீல விமானம்.

யுத்தத்தின்போது பைலட்டுகளைப் பழக்கியதாம். பறக்காது. நின்ற இடத்திலேயே சாயும், சுற்றும். மூடியைப் போட்டுக்கொண்டால் ஆகாயத்தில் போகிற மாதிரியே இருக்குமாம். நான் என்னத்தைக் கண்டேன்? என் தொந்திக்கு அதில் உட்காரவே முடியவில்லை.

"இந்தக் கருமம் ஊட்டுல இருக்கற வரைக்கும் நான் இருக்கமாட்டனுங்க" என்று என் மனைவி நல்லம்மாள் ஊத்துக்குளிக்குத் தாய்வீடு போய்விட்டாள். நாலு மாதம். வீடு வீடாகவே இல்லை.

கடைசியில் மாட்டுச் சந்தைகளில் ராட்டினம் போடும் பொங்கியண்ணன் வாங்க வந்தார். விமானம் போகப்போகிறது என்று ஊத்துக்குளிக்குச் சொல்லியனுப்பினேன். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று நல்லம்மாளும் வந்து நின்றாள்.

"ஆளை உக்கார வெச்சு ஓட்டிக் காட்டுங்க" என்றார் பொங்கியண்ணன்.

"நகருங்க" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நல்லம்மாளே ஏறினாள். சனியன் தொலைந்தால் போதும் என்ற அவசரம். மூடியைப் போட்டு மோட்டாரைத் தட்டினேன். விமானம் சாய்ந்தது, நிமிர்ந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது. நிறுத்தினேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, எதுக்கு நிறுத்துனீங்க?"

மறுபடி ஓட்டினேன். அப்புறம் இன்னொரு தரம். இறங்கியபோது கொண்டை அவிழ்ந்திருந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

பொங்கியண்ணன் சந்தை வழக்கப்படி என் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டார். அவர்கள் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். நாலு விரலைப் பிடித்தார். நானூறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. சரி என்று தலையாட்டப் போனேன்.

துண்டுக்குள் மூன்றாவதாக ஒரு கை நுழைந்தது. வளையல் போட்ட கை. என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியது.

பொங்கியண்ணன் வெலவெலத்துப் போனார். "இது யாரு கைங்க?"

"விமானம் குடுக்கறதில்லீங்க" என்றாள் நல்லம்மாள். "வெறுங்கையோட போகவேண்டாம், வேணும்னா இவரை ஓட்டிட்டுப் போங்க."

அவர் என் கையை விட்டுவிட்டார்.

நல்லம்மாள் அன்றைக்கே வீட்டோடு வந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம்தான். எனக்காக வந்தாளா என்று மட்டும் இதுவரை கேட்கவில்லை, கேட்கிற தைரியமும் இல்லை.