வடக்கு வாசலில் தேங்காத தண்ணீர்

லென்ஸை மாற்றிவிட்டு, "இப்ப தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி இருந்ததா?" என்று கேட்டேன். நாற்காலியில் இருந்த பெண்மணி கொஞ்ச நேரம் யோசித்து, ரெண்டும் ஒண்ணுதான் என்றார். பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். தவறாகச் சொன்னால் தவறான கண்ணாடி வந்துவிடும் என்ற பயம். திரும்பவும் மாற்றினேன். அப்போது சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது.

அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். என் மனைவிக்கு வந்த மின்னஞ்சல். அவள் இறந்தபின் அவள் கணக்கை என் கைபேசியில் சேர்த்திருந்தேன், யாருக்காவது பதில் சொல்ல வேண்டியிருக்கலாம் என்று. அப்படி எதுவும் வந்ததில்லை. செருப்புக் கடைத் தள்ளுபடி, பல் மருத்துவமனையின் நினைவூட்டல், பிறந்தநாள் வாழ்த்து. இது வேறு மாதிரி இருந்தது. உங்கள் கவனிப்புப் பட்டியலில் உள்ள ஒரு பக்கம் மாற்றப்பட்டுள்ளது என்றது.

பக்கம் எது என்று திறக்காமலே தெரியும். அவள் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் நாங்கள் ஒரு பழைய கோட்டை நகரத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வந்ததும் அதைப் பற்றிய கட்டுரையைத் தேடினாள். நாலு வரி இருந்தது, அதில் ஒரு வரி ரயில் நேரம். "ஆயிரம் வருஷம் இருந்த ஊருக்கு நாலு வரியா" என்று உட்கார்ந்தவள்தான். அவளுக்கு அங்கே 'அரைடிக்கெட்' என்று பெயர். குள்ளம் என்று வீட்டில் எல்லோரும் கூப்பிட்டதை அவளே எடுத்து வைத்துக்கொண்டாள். உலகத்தில் யாருக்கும் அரைடிக்கெட்டைத் தெரியாது, ஆனால் கோட்டைச் சுவரின் நீளத்தைத் தேடுகிறவன் என்னிடம்தான் வர வேண்டும் என்பாள்.

நான் அந்தப் பக்கத்தை அவள் இருந்தபோது முழுதாகப் படித்ததில்லை. சாப்பிடும்போது அவள் வாசித்துக் காட்டுவாள், நான் உம் கொட்டுவேன். இப்போதுதான் படிக்கிறேன். மாற்றியவர் பெயர் 'கல்வெட்டு'. அவர் நிறையச் செய்திருந்தார். அரசர்களின் காலவரிசையைச் சரிபண்ணியிருந்தார், வரைபடம் சேர்த்திருந்தார், அகழியைப் பற்றிப் புதிதாக ஒரு பகுதி. நன்றாகத்தான் இருந்தது. வாசல்கள் என்ற பகுதியில், ஒரு வாக்கியத்தின் முடிவில், சிறிய எழுத்தில் 'சான்று தேவை' என்று ஒட்டியிருந்தார்.

மழை பெய்தால் வடக்கு வாசலில் மட்டும் தண்ணீர் தேங்குவதில்லை; கற்களுக்கு நடுவே விடப்பட்ட விரற்கடை இடைவெளிகள் அதைச் சத்தமில்லாமல் குடித்துவிடுகின்றன.

அந்த மழை எனக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லோரும் ஓடி ஒதுங்கினார்கள். அவள் வாசலுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு, போதும் எழுந்திரு, காய்ச்சல் வரும் என்றேன். "தண்ணி எங்க போகுது பாரு" என்றாள். பார்த்தேன். போய்க்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் நானே ஒரு பயனர் கணக்கு தொடங்கி, கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எழுதினேன். இது உண்மை, நான் நேரில் பார்த்திருக்கிறேன் என்று. கல்வெட்டு அன்றே பதில் போட்டார். வணக்கம், வருக, புதியவர் போல் தெரிகிறது என்றெல்லாம் மரியாதையாக ஆரம்பித்து, நேரில் பார்த்தது இங்கே சான்றாகாது என்று முடித்திருந்தார். அச்சில் வந்திருக்க வேண்டும். நூலோ, ஆய்வோ, நாளிதழோ. கட்டுரையைச் 'சிறப்புக் கட்டுரை' தேர்வுக்கு அனுப்பப் போவதாகவும், அங்கே சான்றில்லாத ஒரு வரி இருந்தாலும் திருப்பிவிடுவார்கள் என்றும், ஒரு மாதம் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தார். எதிர்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை. கோபப்படக்கூட ஆள் இல்லை.

எனக்கு மட்டும் என்றால் விட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மாமியார் வருவார்.

அத்தை தனியாக இருக்கிறார், இரண்டு பேருந்து மாறி வர வேண்டும். வந்ததும் என் சமையலறையைத் திறந்து பார்த்து, "இது அடுப்பா, அலமாரியா? தூசி படிஞ்சிருக்கு" என்பார். சமைப்பார். துணி மடிப்பார். நாங்கள் அதிகம் பேசுவதில்லை. எல்லாம் முடிந்ததும் சோபாவில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி, அந்தக் கட்டுரையை முதலிலிருந்து படிப்பார். ஒவ்வொரு வாரமும். பத்திரிகை படிக்கிற மாதிரி, தலையை ஆட்டிக்கொண்டு.

முழுக்கட்டுரையும் மகள் எழுதியது என்றுதான் முதலில் நினைத்திருந்தார். பலபேர் சேர்ந்து எழுதுவது என்று நான் விளக்கியதும் கொஞ்சம் வாடிப்போனார். பிறகு அவராகவே சமாதானமானார்.

"மத்ததெல்லாம் யார் வேணா எழுதியிருக்கட்டும் மாப்பிள்ளை. இந்த வாசல் விஷயம் மட்டும் அவதான். தண்ணியைக் கல்லு குடிக்குதுன்னு வேற எவ எழுதுவா? சின்ன வயசுல பால் டம்ளரைக் குழாயடியில கொட்டிட்டு, தரை குடிச்சிடுச்சும்மான்னு வந்து நிப்பா."

நான் தலையை ஆட்டினேன்.

"பேசினதைப் பதிவு பண்ணி வச்சிருக்கலாம். அது தோணல. போட்டோல வாயை மூடிக்கிட்டு இருக்கா. இதுல மட்டும்தான் அவ பேசறா." கண்ணாடியைக் கழற்றினார். "ஏதோ சின்னதா எழுதி ஒட்டியிருக்கே பக்கத்துல, சான்று தேவைன்னு. அழிச்சிடுவாங்களோ?"

"அதெல்லாம் இல்ல அத்தை. சும்மா ஒரு அடையாளம். நான் பாத்துக்கறேன்."

அப்படிச் சொல்லிவிட்டேன்.

கண்ணாடிக் கடையில் ஆள் வராத நேரங்களில் தேடினேன். நகர நூலகத்துக்குப் போனேன். அந்த நகரத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கோட்டையை யார் கட்டினார்கள், யார் இடித்தார்கள், எத்தனை யானை, எத்தனை பீரங்கி. வடக்கு வாசலின் உயரம், அகலம், கதவின் ஆணிகள். ஒருவர் கதவின் கீலைப் பற்றி மட்டும் ஓர் அத்தியாயம் எழுதியிருந்தார். தரையை யாரும் பார்க்கவில்லை. மழை பெய்யும்போது யாரும் அங்கே இருக்கவில்லை. கடை முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன, ஐ.ஏ.எஸ். பரீட்சையா? இந்த வயசுலயா?" என்றார். ஆமாம் சார் என்றேன். அவருக்கு அதற்குமேல் கேட்கத் தயக்கம். எல்லோருக்கும் என்னிடம் இப்போது தயக்கம்.

மாதம் முடியப்போகிற சமயத்தில் கிடைத்தது. ஒரு நாளிதழின் வார இணைப்பில் பயணக் கட்டுரை. கோட்டையைச் சுற்றிப் பார்த்த யாரோ எழுதியது. நடுவில் ஒரு பத்தி: மழைக்காலத்தில் வடக்கு வாசலில் நீர் தேங்குவதே இல்லை, விரற்கடை அளவு இடைவெளிகள் அதைச் சத்தமின்றிக் குடித்துவிடுகின்றன.

கண் சோதிக்கும் இருட்டறையில் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன், நோயாளி உட்காருகிற நாற்காலியில். எதிரே எழுத்துப் பலகை எரிந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு நிம்மதி எனக்கு வெகுநாளாக வந்ததில்லை. நாளிதழின் பெயர், தேதி, பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து அடிக்குறிப்பு போட்டேன். 'சான்று தேவை' என்பதை எடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம், அடையாளம் போயிடுச்சு பாருங்க என்று காட்டினேன். அவர் அன்று அரை மணி நேரம் கூடுதலாக இருந்தார். கண் புரை அறுவைக்கு நான் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அன்றுதான் சரி என்றார்.

செவ்வாய்க்கிழமை கல்வெட்டு எழுதியிருந்தார். சான்றைத் தேடியதற்கு நன்றி. ஆனால் தேதியைக் கவனிக்கவும். நாளிதழ்க் கட்டுரை வந்ததற்கு இரண்டு வருடம் முன்பே இந்த வாக்கியம் நம் பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் நம்மிடமிருந்து எடுத்திருக்கிறார்கள். 'குடித்துவிடுகின்றன' என்ற சொல்கூட அப்படியே. நம் வாக்கியத்துக்கு நம் வாக்கியமே சான்றாக முடியாது. கடைசியில் ஒரு வரி: பேச வேண்டுமென்றால் அழைக்கலாம். எண் கொடுத்திருந்தார்.

அழைத்தேன். வயதான குரல். பின்னால் ஒரு தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அவர் "கொஞ்சம் நிறுத்தேன்" என்று யாரிடமோ சொன்னார், அது நின்றது. என் பயனர் பெயரைச் சொன்னேன்.

"ஓ, வாசல் தம்பியா. சொல்லுங்க. நீங்க போட்ட உழைப்பு எனக்குப் புரியுது. ஆனா இதை எழுதினது நீங்க இல்லையே. அரைடிக்கெட் எழுதினது. அவங்க வந்தா கேட்டுக்கலாம்னு பாத்தேன். எத்தனையோ தடவை அவங்க பக்கத்துல எழுதிட்டேன், எங்க ஆளைக் காணோம்னு. பரீட்சை கிரீட்சை எழுதறாங்களோ என்னவோ."

நான் சொன்னேன். நான் யார் என்றும், அவள் இல்லை என்றும்.

துண்டித்துவிட்டாரோ என்று கைபேசியைப் பார்த்தேன்.

"அது ஒரு சின்னப் பையன்னு நெனச்சிருந்தேன் நான்," என்றார். "அவ்வளவு வாய். நான் ரிட்டயர் ஆன மனுஷன். என்னை நிக்க வச்சுக் கேள்வி கேக்கும் அது. எங்க அப்பா அந்த ஊர்ல ரயில்வேல இருந்தவர். ஆத்துப் பாலத்துக்கு முதல் கல் வச்சப்ப கூட நின்னவர். அதை ஒரு வரி எழுதினேன். அரைடிக்கெட்தான் தூக்கிச்சு. எங்க அப்பாவே சொன்னாரும்மான்னேன், அதாவது தம்பின்னேன். உங்க அப்பா நல்லவராத்தான் இருப்பார் சார், ஆனா அவர் அச்சுல வரலையேன்னு பதில். மூணு நாள் சாப்பிடப் பிடிக்கல எனக்கு. அப்புறம் பாத்தா, அது சொல்றதுதான் நியாயம். அவனவன் அப்பா சொன்னதெல்லாம் ஏத்தினா அது என்ன கலைக்களஞ்சியம், கல்யாண வீடு."

சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவளுடைய குரல் அது. 'அவர் அச்சுல வரலையே.' அதைக் கேட்பதற்கு நான் எங்கெல்லாமோ தேடி, கடைசியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்டுவிட்டேன்.

அத்தையைப் பற்றிச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் வேணா தேர்வுக்கு அனுப்பல தம்பி. ஆனா நான் விட்டாலும் இன்னொருத்தர் வந்து எடுப்பார். இன்னைக்கு இல்லன்னா அடுத்த வருஷம். வாசல்ல எத்தனை நாளைக்கு நிப்பீங்க? பழைய பதிப்பு எல்லாம் வரலாறுல அப்படியேதான் இருக்கும், எதுவும் அழியாது. அம்மாவுக்கு அதைத் திறந்து காட்டலாம்."

வரலாற்றைத் திறந்து பார்த்தேன். தேதி வாரியாகப் பழைய பதிப்புகள். அவள் எழுதிய பதிப்பைத் தொட்டால், மேலே சிவப்புக் கட்டத்தில், இது காலாவதியான பதிப்பு, தற்போதைய பக்கத்திலிருந்து வேறுபடலாம் என்று வந்தது. அதை அத்தைக்கு எப்படிக் காட்டுவது?

கல்வெட்டு தொடவில்லை. நான் செய்யட்டும் என்று விட்டுவைத்திருந்தார் போல. இரண்டு நாள் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் மதிய இடைவேளையில், கடையின் பின்னால் கைகழுவும் இடத்தில் நின்று, வாக்கியத்தின் முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளி வரை தேர்ந்தெடுத்தேன். நீக்கினேன். மேலேயும் கீழேயும் இருந்த வாக்கியங்கள் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டன. சேமிப்பதற்குமுன் காரணம் கேட்டது. 'சான்று இல்லை' என்று எழுதினேன். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினேன். கைகழுவிவிட்டு உள்ளே போய் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அத்தைக்கு அந்த வாரம் அறுவை நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நானே போய் ஆட்டோவில் அழைத்து வந்தேன். ஒரு கண்ணில் பச்சைத் துணி. இன்னொரு கண்ணையும் சிரமப்படுத்தக் கூடாது, கைபேசி கூடவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நானும் சொன்னேன். சமைக்கவும் விடவில்லை. என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்ல, உயிரோட இருக்கேன்" என்றார்.

பிறகு சோபாவில் வந்து உட்கார்ந்து, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

"நீங்க படிங்க மாப்பிள்ளை. முதல்லேர்ந்து."

அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாமே என்றேன். "படிங்க" என்றார்.

படித்தேன். தெற்காசியாவின் பழமையான கோட்டை நகரங்களுள் ஒன்று. ஆற்றின் தென்கரையில் அமைந்துள்ளது. என் குரல் எனக்கே செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அத்தையின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் இல்லை. எனக்கு அரை வார்த்தை பின்னால், நான் சொல்வதையே சொல்லிக்கொண்டு வந்தார். புதிதாகச் சேர்த்த இடங்களில் மட்டும் உதடுகள் நின்று, வழி விட்டு, பழைய வரி வந்ததும் மீண்டும் சேர்ந்துகொண்டன.

அரசர்கள் முடிந்தார்கள். சுவர் முடிந்தது. கிழக்கு வாசல், தெற்கு வாசல். நான் வேகத்தைக் குறைத்தேன். அவரும் குறைத்தார். வடக்கு வாசல் மற்றவற்றைவிட அகலமானது. இதன் தளம் பெரிய கற்பாளங்களால் ஆனது என்று படித்தேன். அடுத்து திரையில் இருந்தது அகழி.

என் குரல் நின்றுவிட்டது. அவர் உதடுகள் நிற்கவில்லை. மழையில் தொடங்கி, கற்களுக்கு நடுவே போய், ஓரிடத்தில் லேசாகக் குவிந்து, வாக்கியத்தின் முடிவு வரை போய்ச் சேர்ந்தன. அங்கே நின்று, மூடிய கண்களோடு என் பக்கம் திரும்பி, நான் வருவதற்காகக் காத்திருந்தன.