வாய் பொத்திய கோமாளி

பக்கத்து வீட்டு ஃபெம்மெ வெந்நீர் வாளியோடு உள்ளே வந்தபோது, மாக்டெல்ட் செத்துப்போன புருஷன் யோரிஸின் சட்டைக் கயிற்றைத் தானே அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஃபெம்மெயின் கை அவர்மேல் படக்கூடாது. விடிந்ததிலிருந்து மாக்டெல்டுக்கு அது ஒன்றே நினைப்பு.

ஆனால் ஹார்லெம் ஊரில் சாவு விழுந்தால், குளிப்பாட்டித் துணி சுற்றுவது பக்கத்து வீட்டுக்காரியின் கடமை. வேண்டாமென்றால் தெருவே கூடி ஏனென்று கேட்கும். யார் வரக்கூடாதோ அவர்களைத்தான் வழக்கம் முதலில் கூப்பிடும்.

யோரிஸ் செப்புத் தகட்டில் கேலிப்படம் செதுக்கி அச்சடிப்பவர். குடிகாரன், கஞ்சன், கிழட்டு மாப்பிள்ளை என்று யாரைப் போட்டாலும், ஓரத்தில் மணிக்குல்லாக் கோமாளி ஒருவன் வாயைக் கையால் பொத்திச் சிரித்துக்கொண்டு நிற்பான். குல்லாவுக்கு அடியில் இருப்பது ஃபெம்மெயின் முகம். ஊருக்கே தெரியும். பதினெட்டு வருஷமாக பீர்க்கடைச் சுவரெல்லாம் அந்த முகத்தைப் பார்த்து மாக்டெல்டுக்கு வயிறு எரிந்தது. தன்னை அவர் ஒரு கோடுகூட வரைந்ததில்லை. அந்த ஆத்திரத்தில் அவர் எதிரே சிரிப்பதையே விட்டிருந்தாள்.

சாவு வீட்டு முறைப்படி ஃபெம்மெ கண்ணாடியையும் படங்களையும் சுவர்ப்பக்கம் திருப்பினாள். கடைசியாகக் கோமாளிப் படம் இருந்தது.

"உன் மூஞ்சியை நல்லாத் திருப்பி வை," என்றாள் மாக்டெல்ட். "இனிமேலாவது நான் பாக்காம இருக்கேன்."

ஃபெம்மெ படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "மூஞ்சி மட்டுந்தாங்க்கா என்னுது. நான் சிரிச்சா கடைவாய்ப்பல் வரைக்கும் தெரியும். நான் என்னிக்கு வாயைப் பொத்தினேன்?"

மாக்டெல்டின் கை அப்படியே நின்றது.

"வாய்க்கால் கரையில மீன்காரிங்களோட நீ வாயைப் பொத்திச் சிரிக்கிறதை என் ஜன்னல்லேர்ந்து பாப்பேன்," என்றாள் ஃபெம்மெ. "உன் வீட்டுக்காரரு வந்து, 'இன்னிக்கு எப்படிச் சிரிச்சா, செஞ்சு காட்டு'ம்பாரு. நான் செஞ்சு காட்டினதை வரைஞ்சுப்பாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. சொன்னா அங்கேயும் நிறுத்திடுவியாம்."

ஃபெம்மெ படத்தைத் திருப்பாமலே மேஜைமேல் வைத்தாள். மாக்டெல்ட் அதையே பார்த்தாள். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் முன்னைவிட அதிகமாக எரிந்தது.

"என் சிரிப்பையும் உன்கிட்டதானே பாத்திருக்காரு," என்றாள்.

மாக்டெல்ட் துணியை இரண்டாகக் கிழித்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். ஒரு பாதியை ஃபெம்மெயிடம் நீட்டினாள்.

"நீ காலைத் துடை. முகத்தை நான் பாத்துக்கறேன்."