நாலு போல்ட்டு

காருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் சும்மா இருந்தேன். நாலு போல்ட்டைக் கழற்றிச் சீட்டைப் பின்னால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். ரைஸ் மில் முதலாளி அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிட்டார். வாங்கியவர் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த தொழிற்சாலையின் இன்ஜினீயர். செங்குன்றத்திலிருந்து கொண்டுபோய் விடுவது டிரைவரான என் வேலை.

நான் ஆறடி நாலங்குலம். அந்தப் பழைய காரைச் செய்த வெள்ளைக்காரன், மனிதன் இடுப்போடு முடிந்துவிடுவான் என்று நினைத்திருக்க வேண்டும். முதலாளி சோழவரம் ரேஸில் ஓட்ட வாங்கினார். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு, பாட்டரி செத்துப்போகாமலிருக்க ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஓட்டிவரச் சொன்னார். முதல் நாள் ஸ்டியரிங்கைத் திருப்பினால் என் முட்டி ஹாரன் அடித்தது. மெக்கானிக் கோபால்தான் வழி கண்டான். ஒரு சாண் பின்னால் தரையில் புதுத் துளை போட்டுச் சீட்டை அங்கே முடுக்கினான். மெத்தையை எடுத்துவிட்டுக் கோணியை மடித்துப் போட்டான். செருப்பைக் கழற்றச் சொன்னான். மடக்குக் கூரையை மில்லிலேயே வைத்துவிட்டோம். அப்புறமும் முன்கண்ணாடி என் மூக்கோடு நின்றது. பூச்சியெல்லாம் நெற்றியில்தான் மோதும்.

"நீ கார்ல ஏறல மாமா, காரை மாட்டிக்கினு கீறே" என்றாள் குணசுந்தரி, என் மனைவி. கல்யாணப் போட்டோவில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவள் நிற்கிறாள். அப்போதும் நான்தான் உயரம்.

ரேஸ் இல்லாத நாளில் சோழவரத்து ஓடுபாதையில் மாடுகள்தான் ஓடும். ஒரு ஞாயிறு அவளை அங்கே கூட்டிப்போனேன். ஒரு சுற்று முடிந்ததும் இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எறங்கு. நான் ஓட்றேன்."

"இன்னாது?"

"எனக்கு அளவெடுத்து செஞ்ச காரு. நீ இன்னாத்துக்கு குந்திக்கினு பேஜாரு பட்றே?"

நியாயமாகத்தான் பட்டது. போல்ட்டுகளைப் பழைய முன் துளைகளுக்கு மாற்றினேன். அவள் ஓட்டப் பழகிய பிறகு, இறங்கி நின்று பின்னாலிருந்து பார்த்தால் சீட்டுக்கு மேலே ஒரு கொண்டைதான் போய்க்கொண்டிருக்கும். அடுத்த வாரம் வீட்டுத் தலையணையும் வந்து சேர்ந்தது. வாராவாரம் முன்னால் மாற்றுவேன், திரும்பும்போது பின்னால் மாற்றுவேன். அவள் மூன்றாவது கியர் போட்ட அன்று, உயிரோடு வீடு சேர்ந்தால் பெரியபாளையத்து அம்மனுக்கு உடம்பெல்லாம் வேப்பிலை சுற்றி வேப்பஞ்சேலை கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். "உன் ஒசரத்துக்கு மரத்தையே வெட்டணும்" என்றாள்.

ஆடியில் ஒரு ஞாயிறு, பாதித் திருப்பத்தில் காரை நிறுத்திவிட்டாள். அவள் உடம்பு கொதித்தது. அவளைப் பக்கத்துச் சீட்டுக்கு மாற்றினேன். போல்ட்டை மாற்ற நேரமில்லை. முழங்கால் காதில் உரச ஓட்டினேன். அந்தக் காய்ச்சலிலும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வெட்டுக்கிளி மாதிரி கீறே மாமா."

மறுபடியும் வேப்பஞ்சேலை வேண்டிக்கொண்டேன். இந்தத் தடவை அவள் கேலி செய்யவில்லை. அந்த வாரம் தாண்டவில்லை அவள்.

காருக்குப் படுதா போட்டு மூடினோம். இப்போது மாசி. சீட்டு அவள் விட்ட இடத்திலேயே இருக்கிறது.

"குடுண்ணே, நான் கழட்றேன்" என்று கோபால் ஸ்பேனருக்குக் கை நீட்டினான்.

"வேணாம்."

"கும்முடிப்பூண்டி வரிக்கும் இப்டியேவா? முட்டி பேந்துடும்."

"பேந்தா இன்னா, இன்னொண்ணு கீதே."

அப்படியே கிளம்பினேன். வழியில் கவரைப்பேட்டையில் பஸ்ஸிலிருந்து ஒருவன் தலையை நீட்டினான். "இன்னா நைனா, உன் புள்ள காரைத் தூக்கினு வந்துட்டியா?" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். என் மூக்குக்கு மேலே கண்ணாடி கிடையாது. கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

இன்ஜினீயர் குட்டையான மனிதர். உட்கார்ந்தார். கால் பெடலுக்கு எட்டியது, கை ஸ்டியரிங்கில் பொருந்தியது.

"எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கேப்பா! முன்னாடி யாரு ஓட்டினது?"

"என் சம்சாரம் சார்."

என் முழங்கால்களைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். வாழ்நாளெல்லாம் தமாஷ் பேசினால், நிஜத்தைச் சொன்னாலும் இதுதான் கிடைக்கும்.

காரைக் கிளப்பித் தொழிற்சாலைச் சாலையில் போனார். அவள் தலையணை என் கக்கத்தில் இருந்தது. அதனால் சீட்டுக்கு மேலே கொஞ்சம் முடி மட்டும்தான் தெரிந்தது. புழுதிக்குள் அது சிறிதாகிக்கொண்டே போய், மூன்றாவது கியருக்கு மாறியது.