தமிழில் சொல்லாத அபிப்பிராயம்

கோவிந்தராசு அதிகாரிகளை நம்பமாட்டார். டிவியில் மழை சொல்கிறவனைச் சுத்தமாக நம்பமாட்டார். அப்படிப்பட்டவர்தான், ஆறு மா நிலத்துச் சம்பா நெல்லும் அறுக்கிற நேரத்தில் மழையில் சாய்ந்து கிடக்க, சேதம் பார்க்க வரும் அதிகாரிக்காகக் காத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி மழை. அவசரப்பட்டு அறுத்துவிட்டார். பிறகு வந்த அதிகாரி அறுத்த வயலின் வெறும் தாளைப் பார்த்துவிட்டு, "சேதம் எங்கய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"இந்தத் தடவ கண்ணால பாத்துட்டுப் போவட்டும்" என்றார்.

பக்கத்து வயல் தங்கமணி வந்து சொன்னான். "சித்தப்பா, சேத்துல அறுக்குற பெல்ட் மிஷின் என் வயலுக்கு வந்துருக்கு. ரெண்டு நாள்தான் நிக்கும். இப்பவே அறுத்தா பாதியாவது தேறும்."

"உன் வயல நீ பாரு. என் வயலுக்கு வக்கீலு வேணாம்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் தமிழ்நிலா நிமிர்ந்தாள். "என்னைக் கேட்டா, அவுரு சொல்றது..."

"உன்னை யாரு கேட்டா?"

அவள் குனிந்துகொண்டாள்.

நர்சுக்குப் படித்தவள். இத்தாலியில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை காத்திருந்தது. அந்தப் பாஷையில் பரீட்சை தேறினால் போகலாம். தினமும் சாயங்காலம் கொல்லைப்புறம் நின்று, போனில் ஏதோ பேசிப் பதிவு பண்ணி டீச்சருக்கு அனுப்புவாள். "செகோந்தோ மே" என்று ஆரம்பிப்பாள். பேசும்போதெல்லாம் கண் வயல் பக்கம் போகும். கோவிந்தராசுக்குச் சந்தேகம்.

"என்னையத்தான திட்டுற?"

"வீட்டுப்பாடம்பா."

தங்கமணி வந்துபோன எட்டாம் நாள் அதிகாரி வந்தார். ரோட்டிலிருந்தே ஒரு போட்டோ எடுத்தார். "முளைச்சுப்போச்சே பெரியவரே. அப்பவே அறுத்திருக்கலாமே?" சேதம் எழுதாமலே வண்டியைத் திருப்பினார்.

வயலில் இறங்கி ஒரு கதிரைப் பிடுங்கினார் கோவிந்தராசு. ஒவ்வொரு நெல்மணியிலும் வெள்ளை முளை. தங்கமணிக்குத் தேறிய பாதி நெல் அதற்குள் மூட்டையாகிக் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து கதிரைத் தரையில் போட்டார்.

"போன்ல பதிஞ்சதைப் போடு. வயலைப் பாத்துப் பாத்து என்ன சொன்ன?"

"எதுக்குப்பா இப்ப?"

"போடு."

முதல் நாள் பதிவைப் போட்டாள். அவள் குரல்தான். ஆனால் இந்த வீட்டில் அவர் கேட்டறியாத குரல். தடுமாறாமல், யாருக்கும் பயப்படாமல் பேசியது.

"வீட்டு விஷயம் ஒண்ணைப் பத்தி அபிப்பிராயம் சொல்லணும், அது பிரயோசனமா இல்லையான்னு சொல்லணும். அதான் பாடம்" என்றாள். "செகோந்தோ மேன்னா 'என்னைக் கேட்டா'ன்னு அர்த்தம். இதுல சொன்னது, 'என்னைக் கேட்டா, அப்பா இன்னிக்கே அறுக்கணும். காத்திருக்கறதுல பிரயோசனம் இல்ல.'"

"அடுத்தது?"

"'நாளைக்கு மிஷின் போயிடும். இன்னிக்கு அறுத்தா நெல்லு பாதியாவது தேறும்.'"

"அப்புறம்?"

"அஞ்சாம் நாளு, 'இனிமே அறுத்தும் பிரயோசனம் இல்ல'ன்னேன். அப்புறம் வேற விஷயம் பேசினேன்."

"டீச்சரு என்ன சொன்னாரு?"

"நல்லா காரணம் சொல்றேன்னாங்க. பத்துக்கு ஒன்பது."

"இதையெல்லாம் தமிழ்ல சொல்லித் தொலைச்சா என்ன?"

அவள் கதிரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்ல வந்தேன்பா. உன்னை யாரு கேட்டான்னீங்க."

பண்ணையார் வீட்டு வாசலில் கோவிந்தராசுவின் அப்பனைப் பார்த்து ஒருத்தன் கேட்ட கேள்வி அது. அப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சொல்ல வந்ததை முழுங்கி நின்றது அறுபது வருஷமாகியும் மறக்கவில்லை.

மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டார். "அந்தச் சீமைக்குப் போறதுல பிரயோசனம் இருக்கா? உன்னையத்தான் கேக்குறேன்."

தமிழ்நிலா யோசித்தாள். அவசரப்படவில்லை.

"இருக்குப்பா."

வேறு ஏதாவது சேர்த்துச் சொல்வாள் என்று காத்திருந்தார். சொல்லவில்லை. கதிரை எடுத்துக் கொல்லையில் கட்டியிருந்த ஆட்டுக்குப் போட்டார். அது முளையோடு மென்றது.