வெட்டாத காலாள்

சுலோஜனாவின் கைகள் அவளைக் கேட்காமலே போய்விட்டன. சதுரங்கப் பலகையில் வெள்ளைக் காய் அவளுக்கு. ராணிக்கு முன்னால் நின்ற காலாளை ஒரு கட்டம், பக்கத்துக் காலாளை ஒரு கட்டம் என்று இரண்டையும் தள்ளிவிட்டு மணிக்கூட்டை அழுத்தினாள். கரடியனாற்று நெல் ஆலையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். அவள் ஆடப் பழகியதும் அங்கேதான். மாவட்டத் தெரிவுப் போட்டியின் முதல் நாலு சுற்றிலும் ஞாபகமாக இருந்தவளுக்குக் கடைசிச் சுற்றில், பயத்தில், பழைய பழக்கம் வந்துவிட்டது.

நடுவர் கனகசிங்கம் வந்து நின்றார்.

"என்ன புள்ள, ரெண்டு காய நகத்தியிருக்கிறாய்? இது பிழை. முதல் தொட்டத மட்டும் நகத்து. இன்னொருக்காப் பிழை விட்டியெண்டா ஆட்டமே தோல்வி. விளங்கிச்சா?"

"ஓம் சேர்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. வென்றால் மாவட்ட அணியில் நாலாவது இடம் அவளுக்கு. தோற்றாலும் சமனானாலும் அது எதிரே இருந்த காத்தான்குடி நௌஷாட்டுக்கு. பக்கத்துக் காலாளைத் திருப்பி வைத்தாள்; முதல் நகர்வில் இரண்டு கட்டம் தள்ளக்கூடிய ராணியின் காலாளை ஒரே கட்டத்தோடு விட்டாள். இரவிரவாகப் படித்து வந்த தொடக்கம் அத்தோடு சரி.

அதன்பிறகு குதிரையை எடுக்கும்போதுகூடக் கட்டங்களை எண்ணினாள். வாவிப் பக்க யன்னல்கள் திறந்திருந்தும் சட்டை முதுகோடு ஒட்டியது. அப்படியிருந்தும், என்ன அதிசயமோ, நாற்பதாவது நகர்வில் அவள் கைதான் ஓங்கியிருந்தது.

நௌஷாட் தன் காலாளை இரண்டு கட்டம் பாயவிட்டு, அவளுடைய காலாளுக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

"சமனாக்குவமா தங்கச்சி?"

அப்படிப் பாய்ந்து வந்த காலாளை, ஒரே கட்டம் வந்ததாக எண்ணி வெட்டலாம். உடனே வெட்ட வேண்டும். வெட்டினால் அவள் காலாள் ராணியாவதை யாராலும் மறிக்க முடியாது. புத்தகத்தில் படித்திருக்கிறாள். ஆனால் ஆலையில் காலாள் பாய்வதே இல்லை. அந்த வெட்டை அவள் ஒருநாளும் ஆடியதில்லை. படித்தது சரிதானா? கனகசிங்கத்தைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலாள்வரை போன விரல்களை மடக்கிக்கொண்டாள். இன்னொரு முறை எல்லோருக்கும் முன்னால் 'பிழை' என்று கேட்டால் செத்தே போவேன் என்று நினைத்தாள்.

"ஓம் நானா, சமன்."

ஆட்டத்தாளில் இருவரும் ஒப்பமிட்ட பிறகு நௌஷாட் முகத்தைத் துடைத்தான்.

"வெட்டியிருந்தா நான் முடிஞ்சன். பயந்துதான் சமன் கேட்டன்."

"தெரியும் நானா. பிழையெண்டு தோல்வி தந்திருவாங்களோ எண்டு பயந்திட்டன்."

அவன் அவளைப் பாவமாகப் பார்த்தான்.

"தோத்தாலும் சமனெண்டாலும் ஒங்களுக்கு ஒண்டுதானே தங்கச்சி. வெட்டிப் பாக்கிறதுக்கென்ன?"

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.